நாத்தனார் முடிச்சு

யக்கா, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்தத் தாலிக்கயித்து முடிச்சக் கொஞ்சம் அவுத்துக் குடுங்க. பின்கழுத்துல இருக்கு பாருங்க, இந்தக் கழுத்துப் பட்டைக்கு அடியில. பட்டையக் கழட்டிக்கலாம், பிச்சா வந்துரும். தலை மட்டும் ஆடக்கூடாது. குனியச் சொல்லிராதீங்க. குனிஞ்சா முதுகு வழியா கரண்டு அடிச்ச மாதிரி உள்ளங்கால் வரைக்கும் எறங்குது. நான் இப்படியே நிமிந்து உக்காந்துக்கிறேன், நீங்க பின்னால வந்து நின்னு அவுங்க.

வேற ஆள் இல்லாமலா நம்மளக் கேக்குறான்னு நெனைக்காதீங்க. வேற ஆள் இல்லாமத்தான் கேக்குறேன். அந்த நர்ஸ் பிள்ள சொல்லிட்டுப் போனத நீங்களும் கேட்டீங்கல்ல? ஆறு மணிக்குள்ள ஒடம்புல நகை, கயிறு எதுவும் இருக்கக்கூடாதாம். இருந்தா காலையில ஆபரேஷன் தியேட்டர்ல கத்திரி வச்சு வெட்டிருவாங்களாம். வெட்டிருவாங்களாமே! தாலிய! ஏம்மா நீயே அவுத்து விடும்மான்னு கேட்டேன். மஞ்சளும் வேர்வையும் சேந்து முடிச்சு கல்லு மாதிரி இருக்கு, எனக்கு இன்னும் முப்பது பெட்டு பாக்கணும்னுட்டுப் போயிட்டா. இந்தத் தடவ பின்பக்கமாத்தான் கீறப் போறாங்க. சரியா முடிச்சு இருக்குற எடத்துல கத்தி வைக்கணுமாம். வேற எடமே கெடைக்கல பாருங்க.

எங்க வீட்டுக்காரர்ட்டச் சொன்னேன். கட்டுன கையால அவுக்க மாட்டேன்னுட்டு டீ குடிக்கப் போனவருதான். ரெண்டு மணிக்குப் போனாரு. தேயிலைத் தோட்டத்துக்கே போயிட்டாரு போல.

என்ன, கையப் பின்னால கட்டிக்கிட்டீங்க?

ஓ. அதுவா. ஒங்க கழுத்துல இல்லைங்கிறதுக்காக என் கழுத்துல இருக்குறதத் தொட மாட்டீங்களா? யாரு யக்கா ஒங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது? எவளாவது ஒரு வாயாடி, கல்யாண வீட்டுல, 'நீ பின்னால போயி நில்லு'ன்னு சொல்லிருப்பா. அவ வாயில வெந்நியத்தான் ஊத்தணும். எந்தக் காலத்துல இருக்கீங்க! நான் சொல்றேன், தொடுங்க. என் தாலி, என் கழுத்து. நாளைக்கு இந்தக் கழுத்தத் தொடப்போற டாக்டருக்குக் கல்யாணம் ஆச்சா ஆகலியான்னு நான் கேட்டேனா?

ம். அப்படி வாங்க. ஒங்க கை குளுந்து கெடக்கு. தாலியில ரெண்டு ஊக்கு தொங்குது பாருங்க, ஒண்ண எடுத்து முடிச்சுக்குள்ள விட்டு நெம்புங்க. மெதுவா. பக்கத்துப் பெட்டுல ஒங்க மருமக நல்லாத் தூங்குறா, எந்திரிக்க மாட்டா. பேசிக்கிட்டே இருப்போம்.

இந்தக் கையப் பாருங்க. பாத்தா நல்லாத்தான இருக்கு? வீக்கம் இல்ல, காயம் இல்ல. எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. கை நல்லாத்தான இருக்கு, வேணும்னேதான் செஞ்சிருக்கான்னு. பதினோரு மாசம் ஆச்சு யக்கா. பதினோரு மாசமா என் கூடப்பொறந்தவன் என்ட்டப் பேசல. ஒரு வார்த்தை பேசல. நான் பள்ளிக்கூடத்துல சேத்துவிட்ட பய.

போன் அடிக்குதா? அடிக்கட்டும். அடிச்சுட்டு ஓயும். அவதான். என் தம்பி பொண்டாட்டி. தெனமும் நாலு தடவ அடிப்பா. கட் பண்ணலாம்னா அந்தப் போன் கண்ணாடி என் விரலுக்குக் கேக்க மாட்டேங்குது. மனுசங்கதான் கேக்கலன்னா அதுவுமா.

நான் சத்துணவுல சமையல் வேலை. இருநூத்திப் பத்துப் பிள்ளைங்களுக்குச் சோறு. அந்தக் குண்டானத் தூக்கித் தூக்கித்தான் ஒம்பது வருசத்துக்கு முன்னால கழுத்துல ஜவ்வு பிதுங்கிருச்சு. எடது கையில வலின்னா வலி, தேள் கொட்டுன மாதிரி. இதே டாக்டருதான். முன்பக்கமாக் கீறி, ஜவ்வ எடுத்துட்டு, ரெண்டு எலும்பையும் ஒண்ணா ஒட்டவச்சு, தகடு வச்சு நாலு ஸ்க்ரூவ முடுக்கி விட்டாரு. மறுநாளே வலி போன எடம் தெரியல. அப்ப தாலிய நானே அவுத்தேன், தெரியுமா. ஒரு நிமிசம் ஆகல. வருசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போங்கன்னு டாக்டரு சொன்னாரு. வலியே இல்ல, எதுக்குப் போறது? வலிக்கலன்னு சொல்றதுக்கா ரெண்டு பஸ்ஸு மாறிப் போவாங்க?

எட்டு வருசம் ஒண்ணுமில்ல. அப்புறம் முட்டையில ஆரம்பிச்சது. அவிச்ச முட்டைய உரிச்சா ஓட்டோட சேந்து வெள்ளையும் பேந்துக்கிட்டு வருது. முட்டை சரியில்லன்னேன். அப்புறம் முட்டை அட்டை கையில நிக்க மாட்டேங்குது. ஒரே வாரத்துல ரெண்டு அட்டை, அறுவது முட்டை, தரையில. பெரிய டீச்சரு, 'என்ன வேலுத்தாயி, நெனப்பெல்லாம் எங்க இருக்கு?'ன்னாங்க. அட்டை ஈரமா இருந்துச்சு டீச்சர்னேன். அப்புறம் செருப்பு. நடக்கயில ஒத்தச் செருப்பு கழண்டு பின்னால கெடக்கும், நான் பாட்டுக்கு வெறுங்காலோட போய்க்கிட்டிருப்பேன். யாராவது கூப்பிட்டுச் சொன்னாத்தான் தெரியும். செருப்புக் கடைக்காரன்ட்டப் போயி ஒரு சண்டை போட்டேன் பாருங்க, பயந்துபோயி வேற ஜோடி குடுத்துட்டான். அதுவும் கழண்டுச்சு. திரும்பவும் போயிச் சண்டை போட்டேன்.

எங்க ஊரு டாக்டரு சர்க்கரைன்னாரு. பாத்தா சர்க்கரை இல்ல. அப்பச் சத்துக் கொறைவுன்னு செவப்பு ஊசி பத்து போட்டாரு. இன்னொருத்தரு, அம்பது தாண்டுனா பொம்பளைகளுக்கு இப்படித்தான்னாரு. அம்பது தாண்டுனா ஆம்பளைகளுக்கு மட்டும் கை புதுசா மொளைக்குதா? ஒருத்தராவது கழுத்துல பழைய தழும்பு இருக்கே, என்னன்னு கேட்டாங்களா? நான் முந்தானையப் போத்திக்கிட்டுத்தான் போவேன், அதுக்காகக் கேக்க வேண்டாமா? நானும் சொல்லல. கழுத்துதான் வலிக்கவே இல்லையே, கழுத்தப் பத்தி எதுக்குச் சொல்லணும்?

நெம்ப வருதா? வரும், வரும். அவசரமில்ல.

என் தம்பி பேரு சௌந்தரபாண்டி. எனக்கும் அவனுக்கும் பதிமூணு வயசு வித்தியாசம். எங்க அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனதும், அவன என் மாமியா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து வளத்தேன். எங்க மாமியா மூஞ்சியத் தூக்குனா. தூக்கட்டும்னேன். ஒரு தடவ என் பேச்சத் தட்டுனதில்ல. எது சொன்னாலும் 'சரிக்கா'. டிரைவிங் படின்னேன், சரிக்கா. ஸ்கூல் வேன் ஓட்டுன்னேன், சரிக்கா. பொண்ணு பாத்தோம். மொதப் பொண்ணு சிரிச்சா ஈறு தெரிஞ்சது, வேண்டாம்னேன். சரிக்கா. ரெண்டாவது பொண்ணு ரொம்பப் படிச்சவ, மதிக்க மாட்டான்னேன். சரிக்கா. மூணாவதுல அம்மாக்காரி வாய் நீளம். சரிக்கா. அவனுக்காகத்தான பாத்தேன்? இப்படியே நாப்பது வயசாயிருச்சு. அதுக்கு நானா பொறுப்பு?

அப்பத்தான் வந்து நிக்கிறான். 'அக்கா, நான் செண்பகத்தக் கட்டிக்கலாம்னு இருக்கேன்'னு. யாருடா செண்பகம்னேன். அவன் வேன்ல ஒரு சின்னப் பிள்ள வரும். அதோட அம்மாவாம். புருசன் லாரியில அடிபட்டுச் செத்து நாலு வருசமாம். வேண்டாம்னேன். 'சரிக்கா'ன்னு சொல்லுவான்னு நிக்கிறேன். சொல்லல யக்கா. மொத தடவையா சொல்லல. 'நாள் பாத்தாச்சுக்கா'ன்னான்.

கோவம் வராதா? நீங்களே சொல்லுங்க. ஒரு வார்த்தை விட்டேன், ஒத்துக்கிறேன். பரிசம் போட்ட அன்னைக்கு அடுப்படியில, 'ஒரு தாலி நிக்காத கழுத்துல ரெண்டாவது தாலி நிக்குமா'ன்னேன். அடுப்படியிலதான் சொன்னேன், சபையிலயா சொன்னேன்? நாலே நாலு பேருதான் இருந்தாங்க. அந்த நாலு பேரும் போயி...

யக்கா?

என்ன, கைய எடுத்துட்டீங்க? முடிச்சு அவுந்துருச்சா?

ஒங்களச் சொல்லல யக்கா. ஒங்கள எனக்கு இன்னைக்குக் காலையிலதான தெரியும். இது போன வருசம் சொன்னது. ஏதோ கோவத்துல... சரி. உக்காருங்க. கை வலிச்சிருக்கும். கொஞ்சம் ஆத்திட்டு அப்புறம் அவுங்க. என்னால திரும்பிப் பாக்க முடியாது, நீங்க பேசுனாத்தான் அங்கன இருக்கீங்களான்னு தெரியும். பேச வேண்டாம், சரி. ஸ்டூலு சத்தம் கேக்குது. இருக்கீங்க.

மிச்சத்தையும் சொல்லிர்றேன். பாதியில நிறுத்துனா நான்தான் தப்புன்னு நெனச்சுட்டுப் போவீங்க.

போன ஆவணியில கல்யாணம். மாப்பிள்ள ஒரு முடிச்சு போட்டா, மத்த ரெண்டும் நாத்தனார் முடிச்சு. ஒங்களுக்குத் தெரியாததா. எங்க சித்தப்பா மக ஒருத்தி வந்து, 'அக்கா, ஒனக்கு மனசில்லாட்டி நான் போடவா'ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க! நான் உசுரோட நிக்கயில என் தம்பி பொண்டாட்டிக்கு இன்னொருத்தி முடிச்சு போடுறதா? கல்யாணம் பிடிக்கலதான். அதுக்காக என் எடத்த விட்டுக் குடுப்பேனா? கை கொஞ்சம் மதமதன்னு இருந்துச்சு. அன்னைக்குக் காலையில எங்க வீட்டுக்காரருதான் எனக்கு ஜாக்கெட்டு கொக்கி மாட்டிவிட்டாரு. புதுத் துணி, கொக்கி கெட்டியா இருக்குன்னு சொன்னேன்.

கெட்டிமேளம் கொட்டுது. சௌந்தரம் கயித்தக் கொண்டாந்து ஒரு முடிச்சு போட்டான். முடிச்சா அது? சும்மா ஒரு சுத்து. நான் பின்னால நின்னு ரெண்டு நுனியையும் வாங்குனேன். கயிறு பூரா மஞ்ச ஈரம். அவ தலை நெறைய மல்லிகப் பூ, பின்னங்கழுத்து வரைக்கும் தொங்குது. அச்சத வேற மழையாக் கொட்டுது. ஒரு முடிச்சு போட்டேன், இறுக்குனேன். ரெண்டாவதும் போட்டேன், இறுக்குனேன். போட்டாச்சுன்னேன்.

அவ எந்திரிச்சா. மணவறையச் சுத்த ரெண்டு எட்டு வச்சா. தாலி மாருலருந்து வழுக்கி எறங்கி, கொசுவத்துல பட்டு, காலடியில விழுந்துச்சு.

மேளக்காரரு நிறுத்திட்டாரு யக்கா. அத்தன கூட்டத்துலயும் ஒரு பிள்ள அழுகுற சத்தம் மட்டும் கேக்குது. அது அவ பிள்ள. பின்னால பாத்தா, பூச்சரத்தோட நாருல ரெண்டு முடிச்சு இருக்கு. நல்லா இறுக்கமா, அழகா இருக்கு. கயிறு அதுல இல்லவே இல்ல. நான் நாரப் பிடிச்சுக்கிட்டு கயிறுன்னு நெனச்சுக் கட்டிருக்கேன்.

அவ அம்மா மாருல அடிச்சுக்கிட்டு, 'எம் மக தாலிய அறுத்துட்டாளே'ன்னு கத்துனா. அறுத்தேனா? கயிறு முழுசாக் கெடக்கு தரையில! அதச் சொன்னேன். 'அறுக்கல, கழண்டுதான் விழுந்துச்சு'ன்னு. அதுக்கு இன்னும் கத்துறாங்க. அடுப்படியில இருந்த அந்த நாலு பேருல ஒருத்தி, நான் சொன்னத அப்படியே சபையில சொன்னா. சொல்லுக்குச் சொல்லு சொன்னா. ஊருல ஒருத்திக்கும் ஒண்ணும் நெனவுல நிக்காது, இது மட்டும் நின்னுருக்கு. சித்தப்பா மக ஓடி வந்து மூணு முடிச்சும் போட்டா. என் தம்பி என்னப் பாத்தான். 'ஒன் மனசு போல நடந்துருச்சாக்கா?'ன்னான்.

அவ்வளவுதான். அதுதான் அவன் என்ட்டப் பேசுன கடைசிப் பேச்சு. சாப்பிடாமக் கெளம்பி வந்துட்டோம்.

அதுக்கப்புறம் கை இன்னும் மோசம். சோத்த அள்ளுனா வாய்க்கு வரயில பாதி மடியில கெடக்கும். நடந்தா கால் வேற யாரோட காலோ மாதிரி போகுது. பஸ் ஸ்டாண்டுல விழுந்தேன். எவனோ ஒருத்தன், 'பொம்பளைகளும் குடிச்சிட்டு வருதுக'ன்னான். படுத்தவாக்குலயே அவன வைஞ்சேன். எந்திரிச்சு வைய முடியல.

பங்குனியில எங்க வீட்டுக்காரரு ஒரு நாள், ஒம்பது வருசமாத் திறக்காத வாயத் திறந்து, 'பழைய கழுத்து டாக்டர்ட்டக் காட்டுவமா'ன்னாரு. கழுத்துக்கும் கைக்கும் என்னய்யா சம்பந்தம்னு மூணு மாசம் இழுத்தேன். போன வாரம் இழுத்துட்டு வந்துட்டாரு. டாக்டரு கைய மூடித் திறக்கச் சொன்னாரு. பத்து எண்ணுறதுக்குள்ள இருவது தடவ மூடித் திறக்கணுமாம். நான் எட்டோட நின்னுட்டேன். நடுவிரல் நகத்தச் சுண்டிவிட்டாரு, கட்டவிரல் தன்னால துள்ளுது. ஒரு கோட்டு மேல நடக்கச் சொன்னாரு. எங்க நடக்குறது? நர்ஸ் பிடிச்சுக்கிட்டா. ஸ்கேன் எடுத்துட்டு வந்து படத்தக் காட்டுறாரு. தண்டுவடம் நசுங்கிக் கெடக்காம்.

என்ன செஞ்சு வச்சிருக்கீங்கன்னு அவரத்தான் கேட்டேன். நீங்க வச்ச தகடுதானன்னேன். அவரு சொல்றாரு, 'தகடு நல்லாத்தாம்மா இருக்கு. ஒட்டவச்ச ரெண்டு எலும்பும் கெட்டியா ஒட்டிக்கிச்சு. ஆனா ஒட்டுனது வளையாது பாருங்க. அது வளையாததுக்கும் சேத்து மேல உள்ளதுதான் வளையணும். எத்தன வருசத்துக்குத் தாங்கும்? அங்க உள்ள ஜவ்வு நைஞ்சு, பிதுங்கி, நரம்ப நசுக்கிருச்சு. வருசா வருசம் வந்திருந்தா முன்னமே பிடிச்சிருக்கலாம்'னு. எனக்கு வந்துச்சு ஆத்திரம். நல்லா இருக்குறது கெட்டியா நிக்குது, அதுவா தப்பு? மேல உள்ளது தாங்கலன்னா அதச் சொல்லணும். சொல்லாம உள்ளுக்குள்ளயே நைஞ்சா யாருக்குத் தெரியும்?

நாளைக்கு ஆபரேஷன் பண்ணுனா இதுக்கு மேல மோசமாகாதாம். அவ்வளவுதான் உறுதியாம். போன உணர்ச்சி திரும்பி வருமான்னு கேட்டேன். வந்தா வரலாம்னாரு. பண்ணலன்னா படுக்கைதானாம். தியேட்டருல ஏதாவது ஆனா என் தம்பிக்கு யாரு சொல்லுவா? அவன் இன்னும் நான் வேணும்னு செஞ்சதாத்தான நெனச்சுக்கிட்டிருக்கான்? அப்படியே நெனச்சுக்கிட்டு வந்து மாலைய வச்சுட்டுப் போவானா? அதத்தான் யக்கா என்னால தாங்க முடியல. செத்தாலும் பரவால்ல, அந்தப் பேரோட சாகக்கூடாது.

திரும்பவும் அடிக்குது பாருங்க. விடமாட்டா.

இவ மேல எனக்கு இன்னும் கோவம். ஏன்னு கேளுங்க. நேத்து இங்க சேக்கயில எங்க வீட்டுக்காரரு உண்மையக் கக்கிட்டாரு. கழுத்து டாக்டர்ட்டக் காட்டுங்கன்னு அவருக்குச் சொன்னதே இவதானாம். அன்னைக்கு மணவறையில என் விரலு இவ பின்னங்கழுத்துல பட்டுச்சுல்ல? 'மதினி வேணும்னு செய்யலண்ணே. அவங்க விரலு கயித்தத் தேடுச்சு. கயிறு அவங்க விரல்லதான் இருந்துச்சு, அது அவங்களுக்குத் தெரியல'ன்னாளாம். மண்டபத்துலயே சொன்னாளாம். அந்தக் கூச்சல்ல ஒருத்தரும் காதுல வாங்கலியாம். புருசன்ட்டச் சொன்னா, அவன் 'அக்காவப் பத்தி ஒனக்குத் தெரியாது'ன்னானாம். அப்ப என்ட்டச் சொல்ல வேண்டியதுதான? தெரிஞ்சு வச்சுக்கிட்டுப் பதினோரு மாசம் என்ட்டச் சொல்லாம இருந்திருக்கா! நான் இப்படிக் கத்துனதும் எங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு தெரியுமா? 'அதச் சொல்லத்தான தெனமும் நாலு தடவ போன் பண்ணா, நீ எடுத்தியா'ன்னாரு.

சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. நேத்தும் அப்படித்தான் போனாரு.

யக்கா.

ஸ்டூலுலயே இருக்கீங்களா? நான் மொதல்ல ஒண்ணு சொன்னேன். எவளாவது வாயாடி சொல்லிருப்பா, அவ வாயில வெந்நிய ஊத்தணும்னு. பிளாஸ்க்குல வெந்நி இருக்கு. ஊத்துறதா இருந்தா ஊத்திருங்க. அந்த வாயாடி நாந்தான். ஒங்களுக்குச் சொன்னவ வேற எவளோ. ஆனா அவளும் நாந்தான்.

சிரிக்கிறீங்களா, அழுகுறீங்களா? திரும்பிப் பாக்க முடியலயே.

சரி, அந்தப் போன எடுத்து என் காதுல வையுங்க. பச்சையத் தள்ளணும். ம்.

ஆமா, நாந்தான். என்ன? ... எங்க இருக்க, பஸ்ஸு சத்தம் கேக்குது? ... திருமங்கலம் தாண்டிட்டியா? ஒன்ன யாரு வரச் சொன்னா? ... பக்கத்துல யாரு? ... குடுக்காத. அவன்ட்டக் குடுக்காத. குடுத்தா எனக்குப் பேச வராது. எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் போடு. பஸ்ஸே கேட்டாலும் கேக்கட்டும். போட்டுட்டியா?

செண்பகம், கல்யாணத்துக்கு மொத நாள் சாயங்காலம் மண்டபத்து ரூம்ல, ஜன்னல் கம்பியில ஒரு கயித்தப் போட்டு முடிச்சு போட்டுப் பாத்தேன். வரல. நுனி கையில இருக்கான்னே தெரியல. அஞ்சாறு தடவ பாத்தேன். வரவே இல்ல. எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சுதான் வந்து ஒன் பின்னால நின்னேன். என் எடத்த இன்னொருத்திக்கு விட மனசில்லாம ஒன் கழுத்துல போயி விளையாண்டுட்டேன். வேணும்னு செய்யல. ஆனா தெரியாமயும் செய்யல. நீ என் கையி மேல பாவத்தப் போட்ட. என் கையி ஒரு பாவமும் செய்யல. என் திமிருதான் செஞ்சது.

...

யாரு அழுகுறா, அவனா? ... என்ன சொல்றான்? ... 'சரிக்கா'ன்னா சொல்றான்? வேண்டாம். சரிக்கான்னு சொல்ல வேண்டாம்னு சொல்லு. நாப்பது வருசம் சொன்னது போதும். வந்து என்ன நாலு வார்த்தை வையச் சொல்லு. நான் கேட்டுக்கிறேன். எந்திரிச்சு ஓடவா போறேன்?

வரும்போது கோயில் கடையில மஞ்சக்கயிறு ஒண்ணு வாங்கிட்டு வா. ... எனக்குத்தான். நீதான் கட்டணும், ஆபரேஷன் கட்டுப் பிரிச்ச பெறகு. ... ஒன்னத்தான் சொல்றேன், நீ கட்டுனா நிக்கும். ... ஏய், பஸ்ஸுல அழாத, எல்லாரும் பாப்பாங்க. வையி.

எடுத்துருங்க யக்கா.

அட. வந்துட்டீங்களா? ஒங்க கைதான இது, குளுகுளுன்னு. கழுத்துல படுறது தெரியுது. கழுத்துக்கு இன்னும் உணர்ச்சி இருக்கு, கைக்குத்தான் இல்ல. ஸ்ஸ்... அது கயிறு இல்ல, என் முடி. சிரிங்க, சிரிங்க. நான் அதக்கூடப் பிடிக்கல, பூநாரப் பிடிச்சேன்.

ம்... லேசாயிருச்சு. அவுந்துருச்சா? என் கையில வச்சுட்டீங்களா? கையி மேல பாரம் இருக்குற மாதிரியே தெரியலயே. இருங்க, என் கையக் கொஞ்சம் கண்ணுக்கு நேராத் தூக்கிப் பிடிங்க. ம். இருக்கு. கயிறு முழுசா இருக்கு. ஒரு எடத்துலயும் அறுக்கல நீங்க.

யக்கா, பின்னாலயே நிக்காதீங்க. என்னால திரும்ப முடியாது. முன்னால வந்து நில்லுங்க, ஒங்க மொகத்த நான் பாக்கணும்.